ஆலாவுக்குக் கூடு கட்டினவர்

என்னைப் பறவை எண்டு சொல்லுற ஆக்களைக் கண்டால் எனக்குப் பத்திக்கொண்டு வரும். முதல்லயே சொல்லிப்போடுறன், பிறகு ஆரும் குறை நினைக்கக் கூடாது.

நான் இருக்கிறது ஜேர்மனியின்ர வடக்குக் கரையில, வடகடலுக்குப் பக்கத்தில ஒரு சின்ன ஊர். அகதியா வந்த காலத்தில எங்களை இஞ்சதான் கொண்டுவந்து விட்டவங்கள். எங்களோட வந்த மற்ற ஆக்கள் எல்லாம் விசா கிடைச்ச உடன டோர்ட்முண்ட், பிராங்பேர்ட் எண்டு கோயிலும் தமிழ்க்கடையும் இருக்கிற பக்கமாப் போயிட்டினம். எங்கட இவருக்கு இஞ்ச ஆஸ்பத்திரிக் குசினியில நிரந்தர வேலை கிடைச்சிட்டுது. அதால நாங்கள் இருந்திட்டம். காத்து, மழை, அணையில மேயிற செம்மறி ஆடுகள், இவைதான் எங்களுக்கு அயல்.

கோடை காலத்தில எனக்கு ஒரு வேலை இருக்கு. கடல் ஊருக்குள்ள வராமல் கட்டின அணைக்கு வெளிப்பக்கமா, கல்லும் சிப்பி ஓடும் கலந்த ஒரு வெட்டை கிடக்கு. சித்திரை முடியிற நேரம் அதில ஒரு பறவைக் கூட்டம் வந்து இறங்கும். உண்மையில அது உலகத்தின்ர மேல் நுனியில, பனிக்கரையில முட்டை வைக்கிற பறவை. அதில கொஞ்சம் இஞ்சால இறங்கி எங்கட கரையிலயும் முட்டை வைக்குது. குஞ்சு பறக்கத் துவங்கினவுடன முழுக் குடும்பமும் உலகத்தின்ர கீழ் நுனிக்குப் போயிடும். அடுத்த வருசம் திரும்ப வரும். புறாவைவிட மெல்லிசு. வெள்ளையும் சாம்பலும், தலையில கறுப்புத் தொப்பி, சொண்டு ரத்தச் சிவப்பு.

பறவையளைப் பாதுகாக்கிற சங்கம் ஒண்டு அந்த வெட்டையைக் கயிறு கட்டி மறிச்சு வைச்சிருக்கு. நடுவால சனம் நடக்க ஒரு பாதை. வாசல்ல ஒரு மரக்கொட்டில். நான் முதல்ல போனது அந்தக் கொட்டிலைத் துப்புரவாக்கத்தான். ஒருநாள் நான் கூட்டிக்கொண்டு நிக்கேக்க ஒருத்தன் கயிறைத் தாண்டி உள்ளுக்குப் போறான். எங்கட பொறுப்பாளர் ஒரு ஜேர்மன் மனுசி. அவ மெல்லிய குரல்ல, "தயவு செய்து..." எண்டு துவங்கினா. அவனுக்குக் காதிலயே விழேல்லை. நான் விளக்குமாத்தோட வாசலுக்கு வந்து ஒரு சத்தம் போட்டன். தமிழிலதான். அவன் மட்டுமில்லை, அணையில மேய்ஞ்சுகொண்டு நிண்ட ஆடுகளும் திரும்பிப் பாத்துதுகள். அடுத்த கோடைக்கு மனுசி என்னைக் காவல் வேலைக்கு எடுத்திட்டா. இவர் கேட்டிட்டு, "இவ்வளவு காலமும் உந்த வாய் வீட்டுக்குள்ள சும்மா வீணாப் போச்சே" எண்டார்.

வேலைக்குப் போகேக்க தலையில ஒரு கட்டட வேலைத் தொப்பி போடோணும். தொப்பியின்ர உச்சியில ஒரு கம்பி, கம்பியின்ர நுனியில ஒரு பிளாஸ்டிக் பூ. ஏனெண்டால் இந்தப் பறவை தன்ர முட்டைக்குக் கிட்ட ஆர் போனாலும் விடாது. நேர மண்டைக்கு வந்து ரத்தம் வரக் கொத்தும், இல்லாட்டில் எச்சத்தைப் பீச்சி அடிக்கும். எது உயரமா நிக்குதோ அதைத்தான் கொத்தும். பூவைக் கொத்தட்டும் எண்டு விட்டிடுறது. வாற சனத்துக்கு வாளியில தடி வைச்சிருக்கிறம், தலைக்கு மேல பிடிச்சுக்கொண்டு போக. டோர்ட்முண்டில இருக்கிற என்ர மச்சாள், இவற்ர தங்கச்சி, ஒருக்கா வந்து என்னை அந்தக் கோலத்தில பாத்திட்டு, "என்ன, காவடி எடுக்கிறியளோ?" எண்டு விழுந்து விழுந்து சிரிச்சா. தடி வேண்டாமெண்டு நடந்தா. மண்டையில ஒரு கொத்து விழுந்த பிறகுதான் சிரிப்பு நிண்டது.

வேலை நல்ல வேலை. சனம்தான் பிழை. நாயோட வாறவையைச் சமாளிக்கலாம், ஏசினால் அடங்குவினம். என்னைப் பாத்து இரங்கிறவையைத்தான் சமாளிக்க ஏலாது. கிழமைக்கு ஒராள் எண்டாலும் வந்து தலையைச் சரிச்சு வைச்சுக்கொண்டு கேப்பினம்.

"நீங்கள் எங்கயிருந்து வாறியள்?"

"அடுத்த ஊர்."

"இல்லை, உண்மையா எங்கயிருந்து?"

"சிலோன்."

உடன முகமெல்லாம் மலரும். "அப்ப நீங்களும் இந்தப் பறவை மாதிரித்தான்!"

எப்பிடி நான் பறவை மாதிரி? அது வருசா வருசம் திரும்பிப் போகுது. வழியில மறிச்சு ஒருத்தரும் பாஸ்போட் கேக்கிறேல்லை. நான் ஒருக்காத்தான் வந்தனான். வந்து, இந்தப் பாஷையைப் படிச்சு, வரி கட்டி, பிள்ளையளைப் பெத்து வளத்து, இந்த ஊர்ப் பல் டொக்டரிட்டப் பல்லும் புடுங்கியாச்சு. இன்னும் நான் பறந்து வந்த ஆளாம். இதைச் சொன்னால் பாவம் அவைக்கு முகம் வாடிப்போகும். வாடட்டும். எனக்கு மட்டும் வாடேல்லையோ?

மற்றது, கூட்டுக் கதை. எல்லாரும் கேக்கிற கேள்வி, "எங்க கூடு?" எண்டு. கூடு இல்லை. நெஞ்சை நிலத்தில அமத்தி ஒரு சுத்துச் சுத்தும், காலால எப்பன் கிளறும், ஒரு சின்னப் பள்ளம் வரும், அதில முட்டையை வைக்கும். ஒரு தும்பு கிடையாது, ஒரு புல்லுக் கிடையாது. மனம் வந்தால் ரண்டு சிப்பித் துண்டைப் பக்கத்தில இழுத்துப் போடும், அவ்வளவுதான்.

"பஞ்சி பிடிச்ச சோம்பேறிப் பறவை" எண்டா மச்சாள், மண்டையைத் தடவிக்கொண்டு.

எனக்கு விசர் வந்திட்டுது. பஞ்சியோ? அந்த முட்டை கல்லு நிறம், அதில மண் நிறப் புள்ளி. குஞ்சும் அப்பிடித்தான். அது கல்லுக்குள்ள படுத்திருந்தால் நீங்கள் காலால மிதிக்கும் வரைக்கும் காணமாட்டியள். மேல எந்த நேரமும் பெரிய கடற்காகம் சுத்திக்கொண்டு திரியும். ஒரு குஞ்சை அப்பிடியே முழுசா விழுங்கிற சாமான் அது. அதின்ர கண்ணிலயும் படக் கூடாது. ஒரு மரமில்லாத வெட்டையில கூட்டைக் கட்டி வைச்சால், இஞ்ச இருக்கிறன், வந்து தின் எண்டு எழுதி வைக்கிற மாதிரி. கூடு கட்டாமல் விடுறதுதான் அதின்ர கெட்டித்தனம். ஆபத்தெண்டு தாய் தகப்பன் கத்தினால் குஞ்சு ஓடாது. இருந்த இடத்தில அமந்து படுக்கும். கண்ணைக்கூட அசைக்காது. அந்தச் சொல்வழி கேக்கிற குணம் மனுசப் பிள்ளையளிட்ட நான் கண்டதில்லை.

போன கோடையில, பாதை வளையிற இடத்தில, கயிறுக்கு அங்கால ஒரு தடி நீட்டுற தூரத்தில, ஒரு சோடி முட்டை வைச்சுது. பொறுப்பாளர் வந்து பாத்திட்டுத் தலையை ஆட்டினா.

"அந்த வளைவில வைச்சது ஒண்டும் இதுவரைக்கும் பறந்து போகேல்லை. சனம் சரியான கிட்ட. நீங்கள் ஆசைப்படாதேங்கோ."

ஆசைப்படாதே எண்டு எனக்குச் சொன்னால்! நான் கயிறைப் பாதைப் பக்கமா இழுத்துக் கட்டினன். என்ர கதிரையைக் கொண்டுபோய் அந்த வளைவிலயே போட்டன். மழை பெய்யேக்க குடையைப் பிடிச்சுக்கொண்டு இருந்தன். இவர், "வீட்டில ஒரு மனுசன் இருக்கிறது ஞாபகமோ?" எண்டு கேட்டார். "உங்களைக் கடற்காகம் தூக்காது" எண்டன். ஒரு முட்டை கூழாப் போச்சு. மற்றது பொரிச்சுது. ஒரு கைக்குள்ள அடங்கிற சாம்பல் பஞ்சு, அதில ரண்டு கண். அந்த ஒரு குஞ்சு பறக்கோணும், பொறுப்பாளரைக் கூட்டிக்கொண்டு வந்து, இந்தாங்கோ பாருங்கோ எண்டு காட்டோணும். அந்தக் கோடை முழுக்க எனக்கு வேற நினைப்பு இருக்கேல்லை.

தமிழில இந்தப் பறவைக்குப் பேர் ஆலா. எங்கட கடக்கரையிலயும் இதின்ர சொந்தக்காரர் திரியுங்கள். ஆலாப் பறக்கிறது எண்டு சொல்லுவம் எல்லோ, ஒண்டுக்கு அவதிப்பட்டுத் திரியிறவையைப் பாத்து. பதவிக்கு ஆலாப் பறக்கிறான், நகைக்கு ஆலாப் பறக்கிறாள் எண்டு. நான் வந்த புதிசில காலமை ஒரு இடம் பின்னேரம் ஒரு இடம் எண்டு துப்புரவு வேலைக்கு ஓடினனான். அப்ப இதே மச்சாள், "அண்ணி காசுக்கு ஆலாப் பறக்கிறா" எண்டு ஒரு சொந்தம் மிச்சமில்லாமல் ஃபோன் எடுத்துச் சொன்னவ. கதிரையில இருந்து பாத்தன், ஆலா எப்பிடித்தான் பறக்குதெண்டு. கடலுக்குப் போகும். ஒரு சின்ன மீனைச் சொண்டில குறுக்கால வைச்சுக்கொண்டு வரும். குஞ்சின்ர வாயில குடுக்கும். திரும்பவும் போகும். தாய் வந்தால் தகப்பன் போகும். காத்தெண்டும் பாக்காது, மழையெண்டும் பாக்காது. இதைப் போய்ப் பேராசைக்கு உதாரணமா வைச்சிருக்கினமே எங்கட சனம், நாக்கு அழுகாதோ!

குஞ்சு கொஞ்சம் கொஞ்சமா நடக்கத் துவங்கின நேரம் மச்சாள் ஃபோன் எடுத்தா.

"இஞ்ச டோர்ட்முண்டில ஒரு தம்பி, எனக்குத் தெரிஞ்சவர், வீடியோ எடுத்து யூடியூப்பில போடுறவர். கனக்கச் சனம் பாக்குது. உங்களை எடுக்கோணுமாம்."

"என்னையோ, பறவையையோ?"

"ரண்டையும் சேத்துத்தானாம்."

அந்தச் 'சேத்து' எனக்குப் பிடிக்கேல்லை. ஆனா ஆலாவைப் பற்றித் தமிழில நாலு சனம் கேட்டால் நல்லதுதானே. பொறுப்பாளரிட்டக் கேட்டன். பாதையில நிண்டு எவ்வளவும் எடுக்கலாம், கயிறைத் தாண்டக் கூடாது எண்டா. சனிக்கிழமைக்கு நாள் குறிச்சு டெர்மின் வைச்சம்.

வந்தவர் முப்பது வயசு தாண்டின ஆள். மரியாதை தெரிஞ்சவர், அதையும் சொல்லத்தான் வேணும். சின்னனில தாயோட ஜேர்மனிக்கு வந்தவராம். காரால இறங்கினவுடன, "சாப்பிட்டீங்களோ அக்கா?" எண்டு கேட்டு, டோர்ட்முண்டில வாங்கிக்கொண்டு வந்த மட்டன் ரோல்ஸ் தந்தார். ரோல்ஸ் நல்லாத்தான் இருந்தது. தோளில ஒரு பெரிய பை. கமராச் சாமான் எண்டு நினைச்சன். வளைவுக்குக் கூட்டிக்கொண்டு போய், கதிரையில என்னை இருத்தி, கேள்வியைத் துவங்கினார்.

"அக்கா, இந்தப் பறவையைப் பாக்கேக்க உங்களுக்கு ஊர் ஞாபகம் வருமே?"

"இல்லைத் தம்பி."

"எப்பனும்?"

"நாய் வருதோ எண்டுதான் பாக்கிறனான்."

"இல்லை அக்கா, ஊரை விட்டு வந்த அந்த வலி..."

"வலி முழங்காலில. இந்தக் கதிரை சரியில்லை."

மனுசன் பெருமூச்சு விட்டார். "கொஞ்சம் உணர்ச்சியாச் சொல்லுங்கோவன் அக்கா" எண்டு கெஞ்சினார். நான் உணர்ச்சியாத்தான் சொன்னன், கயிறைத் தாண்டாதேங்கோ எண்டு.

குஞ்சைக் காட்டினன். "உந்தா, அந்த வெள்ளைச் சிப்பிக்கு இடப்பக்கம்." கனநேரம் தேடினார். "எங்க அக்கா? எங்க?" கடைசியில கண்டிட்டார். கண்டவுடன அவற்ர முகம் மாறிப் போச்சு. "ஐயோ பாவம். ஒரு கூடுகூட இல்லையே" எண்டார். பொய் சொல்லக் கூடாது, கண் உண்மையாவே கலங்கினது.

"தம்பி, கூடு இல்லாததுதான் அதுக்குப் பாதுகாப்பு" எண்டு துவங்கி, கல்லு நிறம், கடற்காகம், அசையாமல் படுக்கிறது எல்லாம் விலாவாரியாச் சொன்னன். "ஓம் அக்கா, ஓம் அக்கா" எண்டு தலையாட்டினார். சும்மா தலையாட்டுற ஆக்களை நம்பக் கூடாது. காது குடுத்துக் கேக்கிறவை எண்டால் திருப்பி ஒரு கேள்வியாவது கேப்பினம். அவர் கேட்டது ஒண்டே ஒண்டுதான்.

"இதுக்குத் தமிழில என்ன பேர்?"

"ஆலா."

"ஆலாப் பறக்கிற ஆலாவோ? சூப்பர் அக்கா! தலைப்பு வந்திட்டுது!"

அந்த நேரம் பாதையின்ர மற்ற முனையில ஒரு நாய், கழுத்தில வார் இல்லாமல் துள்ளிக்கொண்டு வருது. நான் எழும்பினன். "தம்பி, இதிலயே நில்லுங்கோ. நான் அந்த நாயைக் கலைச்சுப்போட்டு வாறன்." "ஓம் அக்கா" எண்டார்.

நாய்க்காரி, எல்லா நாய்க்காரரும் சொல்லுற அதே வசனத்தைச் சொன்னா, "அது ஒண்டும் செய்யாது" எண்டு. "ஒண்டும் செய்யாட்டில் வாரைப் போடுறதில என்ன குறை?" எண்டு கேட்டன். வாய்த்தர்க்கம் நல்லா நடந்துகொண்டிருக்கேக்கதான் எனக்குப் பின்னால சத்தம் மாறினது. ஆலாக் கூட்டம் எந்த நேரமும் கத்திக்கொண்டுதான் இருக்கும். ஆனா உள்ளுக்கு ஆள் இறங்கினால் கத்துற கத்து வேற. திரும்பிப் பாத்தால் வளைவுக்கு மேல வெள்ளையாக் கூட்டம் கூடிச் சுழலுது. முழங்கால் வலி எண்டு சொன்னனே, அந்த முழங்காலோட ஓடினன்.

அவர் கயிறுக்கு உள்ளுக்கு நிக்கிறார். ஒரு கையால ஜக்கெட்டைத் தலைக்கு மேல பிடிச்சிருக்கிறார், மற்றக் கையில கமரா. ஆலாக்கள் அவற்ர மண்டையில மாறி மாறி விழுகுதுகள். அவருக்கு முன்னால, கல்லுக்கு மேல, ஒரு ஓலைப்பெட்டி. பனையோலைப் பெட்டி, சிவப்பும் பச்சையும் சாயம் போட்ட ஓலை வைச்சுப் பின்னினது. எங்கட வீடுகளில விசேசத்துக்குப் பலகாரம் போட்டுக் குடுக்கிற அளவு. பையில கொண்டுவந்த சாமான் அதுதான். பெட்டிக்குள்ள என்ர குஞ்சு.

"வெளியில வாடா!" எண்டு கத்தினன். தம்பி எண்ட மரியாதை அதோட முடிஞ்சுது.

"ஒரு நிமிசம் அக்கா! அப்பிடியே விறைச்சுப் போய்க் கிடந்தது, அசைவே இல்லை. பாவமெண்டு பெட்டிக்குள்ள வைச்சனான். ஊர்ப் பெட்டிக்குள்ள அகதிக் குஞ்சு! அந்தமாதிரி, சூப்பரா வருது அக்கா!"

அசைவில்லாமல் கிடந்ததாம்! அசையாதே எண்டு பெத்ததுகள் கத்திச்சுதுகள், அது அசையாமல் கிடந்தது. அவ்வளவு சொல்லியும் அந்த மண்டைக்குள்ள ஒரு சொல் இறங்கேல்லை. கூடில்லாத ஒரு உயிரைக் கண்டால் அனாதை எண்டுதான் எங்கட ஆக்களுக்கு விளங்கும். அனாதையைக் கண்டால் ஊரில இருந்து வந்த ஏதாவது ஒண்டைக் கொண்டுபோய் அதுக்கு மேல போர்க்கோணும். அது கேட்டதோ, அதுக்குத் தேவையோ எண்டு பாக்க மாட்டினம்.

தாய் பெட்டிக்குக் கிட்ட வரேல்லை. அதுக்கு அது தெரியாத சாமான். பக்கத்தில மனுசன் வேற. முழுக் கூட்டமும் அவற்ர மண்டைக்கு மேல நிண்டு சண்டை பிடிக்குது, வேற பக்கம் பாக்க ஒண்டுக்கும் நேரமில்லை. கடற்காகம் அவசரப்படவேயில்லை. அணைப் பக்கமிருந்து பதிவாத் தாழப் பறந்து வந்தது. சாம்பல் கல்லுக்கு நடுவில ஒரு சிவப்புப் பச்சைப் பெட்டி, அதின்ர நடுவில குஞ்சு, கலியாண வீட்டில தட்டத்தில வைச்சு நீட்டின மாதிரி. ஒரு கொத்துத்தான். எழும்பிப் போகேக்கயே விழுங்கிட்டுது.

நான் கயிறைப் பிடிச்சுக்கொண்டு நிண்டு அழுதன். எனக்கு ஆத்திரம் வந்தால் அழுகைதான் வரும், சின்னனில இருந்தே அப்பிடி. வாய் முட்ட ஏச்சு நிக்குது, ஒண்டும் வெளியில வருதில்லை, எல்லாம் கண்ணால ஓடுது. நிமிந்து பாத்தால் அவர் கயிறுக்கு வெளியில வந்திட்டார், கமரா என்ர முகத்துக்கு நேர நிக்குது.

கொஞ்சம் பொறுத்து ஒரு ஆலா கடலில இருந்து வந்தது. தாயோ தகப்பனோ, எனக்கு ரண்டும் ஒண்டுதான். சொண்டில குறுக்கால ஒரு மீன். வழமையா இறங்கிற இடத்தில இறங்கிக் கூப்பிட்டுது. வெள்ளைச் சிப்பிக்கு அங்கால போய்ப் பாத்துது, இஞ்சால வந்து பாத்துது. திரும்பவும் கூப்பிட்டுது. மீன் சொண்டிலயே இருந்தது.

கயிறுக்கு வெளியில நிண்டு, தடியால அந்தப் பெட்டியைக் கொழுவி இழுத்து எடுத்தன். நேர தண்ணிக்கரைக்குப் போய் வீசி எறிஞ்சன். அப்பதான் அவர் கமராவை இறக்கினார்.

"அக்கா! அது அம்மான்ர பெட்டி அக்கா! ஊரில இருந்து கொண்டு வந்தது! அம்மா இப்ப இல்லை அக்கா!"

உண்மையாவே கதறினார். தண்ணிக்குள்ள முழங்கால் மட்டும் இறங்கியும் பாத்தார். கடல் வத்துற நேரம், பெட்டி எட்டப் போயிட்டுது. எனக்கு எள்ளளவும் இரக்கம் வரேல்லை, இண்டைக்கும் வரேல்லை.

"கொம்மாவைச் சொல்லி அழுறீர். அங்க ஒண்டு மீனோட நிக்குது. அதுக்கு என்ன பதில் சொல்லப் போறீர்?"

"நான் நல்லதுக்குத்தானே அக்கா செய்தனான்..."

"உம்மட நல்லது எங்களுக்கு வேண்டாம். காரில ஏறும்."

பின்னேரம் பொறுப்பாளர் வந்தா. நடந்ததைச் சொன்னன். அவ மெல்லமாக் கேட்டா, "உங்கட ஆக்களோ?"

எனக்கு இன்னொருக்கால் கோவம் ஏறிச்சுது. "போன கிழமை நாயை உள்ளுக்கு விட்ட மனுசன் உங்கட ஆளோ? நான் அப்பிடி ஒரு நாளாவது உங்களைக் கேட்டனானோ?" மனுசியின்ர முகம் சிவந்து போச்சு. மன்னிப்புக் கேட்டா. நல்ல மனுசிதான், ஆனா நாக்கின்ர நுனியில அது இருந்ததுதானே. அடுத்தநாள் காலமையும் ஒரு ஆலா மீனோட வந்து இறங்கிக் கூப்பிட்டுப் பாத்துது. அதுக்குப் பிறகு வரேல்லை. காலம் பிந்திப் போச்சு, அந்தச் சோடி திரும்ப முட்டை வைக்கேல்லை. நான் கதிரையை எடுத்துக் கொட்டிலுக்குள்ள வைச்சன்.

இலையுதிர் காலத்தில வீடியோ வந்தது. வாட்ஸப்பில இருக்கிற அவ்வளவு பேரும் எனக்கு அனுப்பினம், நான் பாக்காதது மாதிரி. 'ஆலா: கூடில்லாத வாழ்வு' எண்டு தலைப்பு. துவங்கேக்க ஓலைப்பெட்டிக்குள்ள குஞ்சு, பின்னால புல்லாங்குழல். பிறகு கதிரையில நான், "வலி..." எண்டுறன். அதோட வெட்டு. முழங்காலைக் காணேல்லை, கதிரையைக் காணேல்லை. பிறகு என்ர முகம் கிட்டத்தில, கண்ணீர் ஓடுது, கீழ, 'தாய்மண்ணை நினைத்து' எண்டு எழுத்து. கடைசியா மீனோட ஆலா, 'பிள்ளைக்காகக் காத்திருக்கும் தாய்' எண்டு. நடுவில நடந்த ஒண்டையும் காணேல்லை. கடற்காகத்தைத் துப்புரவா வெட்டிப்போட்டார்.

ஃபோன் எடுத்தன். "தம்பி, குஞ்சு செத்ததை ஏன் போடேல்லை?"

"அதைப் போட்டால் பாக்கிற சனத்துக்கு மனம் கஷ்டமாப் போயிடும் அக்கா" எண்டார், சரியான பணிவா.

இவர் எனக்குப் பக்கத்தில இருந்து டெலிபோனைப் பறிச்சு வைச்சிட்டார். இல்லாட்டில் நான் சொல்லியிருக்கக் கூடிய சொல்லுகளை இதில எழுத ஏலாது.

கார்த்திகையில டோர்ட்முண்டில ஒரு கலியாணம், போகாமல் விட ஏலாத இடம். மண்டபத்துக்குள்ள கால் வைச்ச நேரம் தொட்டு ஆள் மாறி ஆள் வந்து என்ர தோளில கை வைக்கினம். ஒரு அக்கா, என்னைவிட மூத்தவ, சாப்பாட்டு மேசையடியில என்ர ரண்டு கையையும் பிடிச்சுக்கொண்டு விடுறா இல்லை. கண் நிறையத் தண்ணி.

"பிள்ளை, உம்மட வீடியோவை எத்தினை தரம் பாத்தனோ தெரியாது. ஊரை நினைச்சு நீர் அழுத அழுகை இருக்கே, என்ர வயிறு பத்தி எரிஞ்சுது."

"நான் ஊரை நினைச்சு அழேல்லை அக்கா. அந்தக் குஞ்சு செத்துப் போச்சு. பெட்டிக்குள்ள தூக்கி வைச்சபடியால் செத்தது. அதுக்குத்தான் அழுதனான்."

அவவின்ர பிடி இன்னும் இறுகிச்சுது. தலையை மெல்ல ஆட்டினா.

"ஓம் பிள்ளை. எங்கட கதையும் அதுதானே."

"கதையில்லை அக்கா! குஞ்சு! செட்டை முளைக்காத ஒரு ஆலாக்குஞ்சு!"

சத்தம் கூடிப் போச்சு. பக்கத்து மேசை திரும்பிப் பாத்துது. இவர் அங்கால நிண்டு, வாய்க்குக் கொண்டுபோன வடையை அப்பிடியே பிடிச்சுக்கொண்டு என்னைப் பாக்கிறார்.

"விளங்குது பிள்ளை, விளங்குது. அழாதையும்" எண்டு அவ என்ர முதுகைத் தடவினா. நான் அழேல்லை, பல்லைக் கடிச்சுக்கொண்டு நிண்டனான். கொஞ்சநேரத்தால அவ மூக்கை உறிஞ்சி, சேலைத் தலைப்பால முகத்தைத் துடைச்சுப்போட்டு, என்ர காதுக்குக் கிட்ட வந்தா.

"அந்த ஓலைப்பெட்டி நல்ல வடிவு. எங்கட மகளுக்கும் தையில கலியாணம், பலகாரம் போட்டுக் குடுக்க அதைப்போலதான் தேடித் திரியிறன். ஆரிட்டக் கேட்டால் எடுக்கலாம்?"

"கடற்காகத்திட்டக் கேளுங்கோ" எண்டன்.

அவ என்னை வடிவாப் பாத்தா. உண்மையாவே தெரியாமல்தான் கேட்டா.

"எந்தக் கடற்காகம்?"